பூட்டியவர் குரல்

மாலை ஐந்தே முக்கால். அவள் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"எத்தனை தடவை அழுத்தினாலும் அது அசையாது," என்றார் வாட்ச்மேன். கேட்காமலே செய்தி சொல்வதால் அந்தக் கட்டடத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். "மத்தியானத்துக்கு அப்புறம் படுத்துடுச்சு. கம்பெனிக்கு போன் போட்டாச்சு. நாளைக்கு வர்றாங்களாம். உங்க வீட்டுக்காரர் பார்த்துக்கிட்ட வரைக்கும் இது ஒரு நாள் மக்கர் பண்ணியிருக்குமா, சொல்லுங்க."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க. டூல் பையைத் தூக்கிட்டு வந்து நிப்பார்."

ரேடியோ சிரித்தார். அவளும் சிரித்துவிட்டுப் படியேறினாள். வீடு ஐந்தாவது மாடியில். நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே லென்ஸ் தேய்த்த கால்கள். நாலாவது மாடியில் லிஃப்ட் கதவில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள். பிறகு மிச்சப் படிகள்.

கணவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியோரத்துத் தையல் தழும்பின் மேல் முடி வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

"மிளகு எங்கே?" என்றாள். மகளுக்கு வயது எட்டு. உருவம் சிறிது, காரம் பெரிது என்று அவர் வைத்த பெயர்.

"தூங்கறா."

படுக்கையறையில் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் சுருக்கம்கூட இல்லை.

"இங்கே இல்லையே."

"இல்லையா? அப்ப தங்கச்சி கடைக்குப் போனாளே, கூடப் போயிருப்பா. ஆமா, போனா. பென்சில் வேணும்னு கேட்டா."

அவள் கைப்பையை இறக்கி வைத்தாள். சரி, வந்துவிடுவார்கள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். அடுப்பில் பால் பாத்திரம் இல்லை. கழுவும் தொட்டியிலும் இல்லை. காலையில் அவள் துடைத்துக் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது.

அப்போது அழைப்புமணி அடித்தது. மிளகு பள்ளி விட்டு வரும் நேரத்துக்குத் தினமும் வந்துவிடும் நாத்தனார் வாசலில் மூச்சிரைக்க நின்றாள். தனியாக.

"மன்னிச்சுக்கோங்க அண்ணி. லேட்டாகும்னு மெசேஜ் போட்டேனே, பார்த்தீங்கல்ல? வழியெல்லாம் வண்டி நகரவே இல்லை. போன்ல சார்ஜும் போயிடுச்சு. மிளகு சாப்பிட்டாளா?"

அவள் கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தாள்.

மெசேஜைப் பார்த்திருந்தாள். பார்த்த உடனே வீட்டுக்கு போன் செய்தாள். கணவர்தான் எடுத்தார். "தங்கச்சி வந்தாச்சே. அடுப்புல பால் வச்சிருக்கா. பொங்கப்போகுது, வைக்கறேன்," என்றார். எப்படியோ நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று நினைத்து, அவள் அடுத்த லென்ஸை இயந்திரத்தில் பொருத்தினாள்.

அவர் பேச்சை நம்பக் கூடாது என்று ஆறு மாதமாக அவளுக்குத் தெரியும். ஆனால் பால் பொங்கப்போகிறது என்றாரே.

ஆறு மாதத்துக்கு முன் மூளையின் முன்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு, நடை, கணக்கு எல்லாம் திரும்பி வந்தன. வீட்டுக்கு வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டுக்காரரிடம் தான் நேற்று ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றிய கதையைச் சொன்னார். கயிற்றின் கனம் வரைக்கும் சொன்னார். முந்தின நாள் முழுக்க அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

"பொய் சொல்றாரா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"பொய் சொல்றவனுக்கு உண்மை தெரியும்மா. இவருக்குத் தெரியாது. ஞாபகம் எல்லாம் உள்ளே இருக்கு. இது எப்ப நடந்தது, நிஜமாவே நடந்ததான்னு சரிபார்த்து அனுப்பற இடம்தான் அடிபட்டிருக்கு. நாம கேள்வி கேட்டா, கைக்கு எது கிடைக்குதோ அது பதிலா வந்துடும். அவர் சொல்றதுல பாதி என்னைக்கோ நடந்ததா இருக்கும். தெரியலைங்கற பதில் மட்டும் வராது."

வரவில்லை. ஒருநாள்கூட வரவில்லை. மறுத்துப் பேசினால் புதிதாக ஒன்று சொல்வார், முந்தையதை விட அடித்து. அதனால் வீட்டில் எல்லோரும் ஆமாம் போடப் பழகிக்கொண்டார்கள். மிளகு எல்லோருக்கும் முன்னால் பழகிக்கொண்டாள்.

நாத்தனார் ஒருமுறை சொன்னாள், "அண்ணனை எங்கேயாவது சேர்த்துடலாம் அண்ணி. பகல்லயாவது." அவள் அன்று முழுக்க நாத்தனாரோடு பேசவில்லை.

இப்போது நாத்தனார் அண்ணன் முன்னால் குனிந்து நின்றாள்.

"அண்ணா, விளையாடாதே. மிளகு எங்கே?"

"நீதானே கூட்டிட்டுப் போனே?"

"நான் இப்பதான் வரேன்."

"அப்ப நீச்சல் கிளாஸுக்குப் போயிருப்பா. நான்தான் கொண்டுபோய் விட்டேன். நீலத் தொப்பி காணோம்னு ஒரே அழுகை."

நீச்சல் வகுப்பு போன வருடம். நீலத் தொப்பிக்கு அழுததும் நிஜம்.

"ஐயோ, அண்ணா."

"எதுக்குக் கத்தறே? குழந்தை என்ன காத்துல கரைஞ்சா போயிடுவா?"

அவள் வீட்டைப் பார்த்தாள். பள்ளிப் பை சோபாவில் கிடந்தது. தண்ணீர் பாட்டில் அதன் மேல். பள்ளி ஷூ வாசலோரம், ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. வீட்டுச் செருப்பைக் காணோம். வந்திருக்கிறாள். வந்து, மறுபடி வெளியே போயிருக்கிறாள்.

நாத்தனார் கீழே ஓடினாள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டுவதும் மிளகு, மிளகு என்று கூப்பிடுவதும் படிக்கட்டில் எதிரொலித்தன. அவளும் பின்னாலேயே இறங்கினாள். கை ஓடவில்லை, கால் மட்டும் ஓடியது.

"வேன்லேர்ந்து இறங்கி உள்ளே போனதைப் பார்த்தேன்," என்றார் ரேடியோ. "நாக்கைத் துருத்திக் காட்டிட்டுத்தான் போச்சு. வெளியே வரலை. இந்த கேட்டைத் தாண்டணும்னா என்னைத் தாண்டணும்."

"நீங்க நகரவே இல்லையா?"

ரேடியோவின் குரல் இறங்கியது. "டீ குடிக்க ஒரு எட்டு போனேன். ஒரே ஒரு எட்டு."

நாத்தனார் தெருவுக்கு ஓடினாள். தெருக்கோடியில் பூங்கா. பூங்காவுக்கு அப்பால் பெரிய சாலை.

மிளகின் அம்மா தெருவுக்குப் போகவில்லை. திரும்பிப் படியேறினாள். கடைசியாக மிளகைப் பார்த்தவர் மேலே இருக்கிறார். அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அவர் அதே நாற்காலியில் இருந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு பதில் வரும்.

"மத்தியானம் என்ன செஞ்சீங்க?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன். லீவுதானே."

"எங்கேயும் போகலையா?"

"எங்கே போறது? இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை."

கண் இமைக்காமல் சொன்னார். அவள் பார்வையைத் தாழ்த்தினாள். அவருடைய கைகள் மடியில் கிடந்தன. இடது மோதிர விரலில் வெளுத்த வளையமாக ஒரு தடம் இருந்தது. மோதிரம் இல்லை.

ஆறு மாதமாக அந்த மோதிரம் கழன்றதில்லை. அதற்கு முன்பு தினமும் கழலும். கரண்ட் பெட்டியைத் திறக்கும் முன் மோதிரத்தைக் கழற்றி இடது சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டுவார். எத்தனையோ முறை துவைக்கிற துணியிலிருந்து அவள் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

சட்டைப் பையின் பொத்தான் மாட்டியிருந்தது.

"அசையாதீங்க," என்றாள். பொத்தானைக் கழற்றி விரலை விட்டாள். முதலில் மோதிரம் வந்தது. பிறகு சிவப்பு நூல் கட்டிய ஒரு சின்னச் சாவி.

அந்தச் சாவியை அவளுக்குத் தெரியும். மெயினை அணைத்தவர் அதில் தன் பூட்டைப் போட வேண்டும், சாவி அவர் பையில் மட்டும் இருக்க வேண்டும். முதலாளியே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. உள்ளே வேலை செய்கிற ஆளின் உயிர் அந்தச் சாவி என்பார். சாப்பிடும்போது, படுக்கும்போது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

அலமாரியின் மேல் டூல் பை இல்லை. எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று கம்பெனியில் கேட்டபோது, இருக்கட்டும், திரும்ப வேலைக்கு வருவார் என்று அவள்தான் வைத்துக்கொண்டாள்.

மொட்டைமாடிக்கு ஓடினாள். லிஃப்ட் மெஷின் அறை திறந்திருந்தது. பை தரையில் வாய் பிளந்து கிடந்தது. மெயின் ஸ்விட்ச் கீழே இழுக்கப்பட்டு, அதில் அவருடைய சிவப்புப் பூட்டு தொங்கியது.

தரையில் கயிறுகள் இறங்கும் துளைகள். அவள் மண்டியிட்டு வாயை வைத்துக் கூப்பிட்டாள். "மிளகு!"

கீழே இருட்டு. எண்ணெய் வாசனை.

"மிளகு, அம்மாடா. எங்கே இருக்கே? ஒரு வார்த்தை சொல்லு."

அவள் குரல்தான் திரும்பி வந்தது. காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. லிஃப்ட் பெட்டிக்குள் மயங்கிக் கிடக்கிறாளா? பேச முடியாமல் கிடக்கிறாளா?

நாத்தனாரும் ரேடியோவும் படியேறி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கணவர், யாரும் கூப்பிடாமலே.

"யார் என் பூட்டைத் தொட்டது?" என்றார்.

"நீங்கதான் பூட்டியிருக்கீங்க."

"நானா? நான் லீவு. கம்பெனி ஆளுங்க காலையில வந்தாங்க. அவங்க பூட்டியிருப்பாங்க. நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன், ரெண்டு பேருக்கு."

"மிளகு உள்ளே இருக்காளா?"

"பெட்டிக்குள்ள யாரும் இல்லை. நானே பார்த்தேன்."

"எப்ப?"

"இப்பத்தான். சாவியைக் குடு."

அதே பார்வை. பால் பொங்கப்போகிறது என்று சொன்னபோதும் போனுக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் இருந்திருக்கும் முகம்.

"குடுத்துடுங்கம்மா," என்றார் ரேடியோ. "கரண்ட் வந்தா பெட்டி கீழே போய் நிக்கும், கதவு திறந்துடும். உள்ளே இருந்தா எடுத்துடலாம். காத்தில்லாம எவ்வளவு நேரம் தாங்கும் குழந்தை?"

"குடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். அழுதுகொண்டிருந்தாள். "இதாவது அண்ணனுக்குத் தெரியும். இருபது வருஷம் பார்த்த வேலை."

அவள் விரல்கள் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தன. கம்பெனி ஆள் நாளைக்குத்தான் வருவான். உள்ளே பேச்சு மூச்சில்லை.

அவர் கையை நீட்டியபடியே நின்றார். அவசரப்படவில்லை.

அவள் கொடுத்தாள்.

அவர் பூட்டைத் திறந்தார். பூட்டைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டார். வலது கை ஸ்விட்சின் பிடி மேல் போனது. நின்றது. பிடியிலிருந்து கையை எடுத்து, மண்டியிட்டு, கயிற்றுத் துளையில் குனிந்தார். வேலைக் குரலில், நீட்டிக் கூப்பிட்டார்.

"பெட்டி மேலே ஆள்?"

கீழேயிருந்து, கணீரென்று, உடனே வந்தது பதில்.

"இருக்கேன்!"

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கணவர் எழுந்தார். பூட்டைத் திரும்ப ஸ்விட்சில் மாட்டினார், சாவியைச் சுழற்றினார், சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"மேலே ஆள் இருக்கு. கரண்ட் போடக் கூடாது," என்றார் சாதாரணமாக. பிறகு புருவம் சுருங்கியது. "அது மிளகு குரலாச்சே. அவ எதுக்கு அங்கே போனா?"

பெட்டிக்குள் யாரும் இல்லைதான். அதன் கூரை மேல், கயிறுகளுக்கு நடுவில் இருந்தாள் குழந்தை. கரண்ட் வந்து பெட்டி அசைந்திருந்தால் என்று நினைக்க ஆரம்பித்து, அந்த நினைப்பை அவள் பாதியிலேயே விட்டாள்.

குரல் வந்த ஆழத்தைக் கணக்கிட்டு அவர் நாலாவது மாடிக்கு இறங்கினார். அங்கே லிஃப்ட் கதவின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை உண்டு. டூல் பையிலிருந்து முக்கோணச் சாவியை எடுத்து அதில் விட்டுத் திருப்பினார். கதவை ஒரு கை அகலம் நகர்த்தி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு முழுதாகத் தள்ளினார். பெட்டியின் கூரை ஒரு படி கீழே இருந்தது. நடுவில் இரும்புச் சட்டத்தின் மேல் மிளகு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் எண்ணெய் டப்பா. பக்கத்தில் அணைந்துபோன ஒரு டார்ச்.

மனைவி பின்னாலிருந்து அவருடைய பெல்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவர் குப்புறப் படுத்துக் கைகளை நீட்டினார்.

"கயிறைத் தொடாம எழுந்திரு. டப்பாவை வச்சுடு. ஆ, அப்படித்தான். என் கழுத்தைப் பிடி."

அந்தக் கைகளில் ஒரு தவறும் இல்லை. குழந்தை வெளியே வந்ததும் முதலில் கதவைச் சாத்தி, அது பூட்டிக்கொண்டதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் குழந்தையைப் பார்த்தார்.

கீழ்மாடிகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். ரேடியோ எல்லோருக்கும் செய்தி வாசித்தார். "சார் மட்டும் இல்லைன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்கும்? கம்பெனிக்காரன் நாளைக்கு வருவானாம், நாளைக்கு. வந்து என்ன பண்ண?"

கணவர் தலையசைத்தார். "கதவு சரியாச் சாத்தாம விட்டிருக்காங்க. குழந்தை பந்து எடுக்க இறங்கியிருக்கா. நான் மணிச் சத்தம் கேட்டு ஓடிவந்தேன்."

பந்து இல்லை. மணி அடிக்கவில்லை. யாரோ அவர் தோளைத் தட்டினார்கள். நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். சேர்த்துடலாம் என்ற சொல்லை இப்போது அவள் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வீட்டில் அம்மா மிளகின் கால்களைக் கழுவிவிட்டாள். முழங்காலெல்லாம் கிரீஸ். நாத்தனார் பால் காய்ச்சினாள். கணவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா என்னை அசிஸ்டென்ட்டா சேர்த்துக்கிட்டார்," என்றாள் மிளகு. "நான் எண்ணெய் பிடிக்கணும். அவர் மேலே போய் கரண்டை அணைச்சுட்டு வந்து வேலையை ஆரம்பிப்பார். அவர் வரவேயில்லை."

"பயமா இருந்ததா?"

"டார்ச் அணைஞ்சப்ப."

"நான் கூப்பிட்டேனேடா. அத்தை எல்லா மாடியிலயும் கூப்பிட்டாளே. காது கேட்கலையா?"

"கேட்டுச்சு. நீ கதவுல கை வச்சு மூச்சு வாங்கினதுகூட கேட்டுச்சு."

அவள் கை துண்டோடு நின்றது.

"அப்புறம் ஏன் பேசலை?"

"பூட்டினவர் குரலுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும். வேற யார் கூப்பிட்டாலும் மூச்சு விடக் கூடாது. மாத்திப் பதில் சொன்னா பெட்டி நகர்ந்துடும், ஆள் நசுங்கிடுவாங்க. அப்பா சொன்னார்."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "அது பெரியவங்களுக்குச் சொல்றது. உன்னை எந்த லிஃப்ட்டுக்காவது நான் பக்கத்துல விட்டிருக்கேனா? உங்க அம்மாவைக் கேளு."

மிளகு அப்பாவைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஆமாம்பா என்பாள். சொல்லவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

சமையலறையில் நாத்தனார் கரண்டியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டாள். கணவரும் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

"நான் அப்பா சொன்னபடிதான் இருந்தேன்," என்றாள் மிளகு. "நாளைக்கும் அப்பா சொல்றதைக் கேட்கணுமா, அம்மா?"